நினைவு மூளையில் மட்டுமா இருக்கிறது?
(அளவையியலும் விஞ்ஞான முறையும் – "பரிசோதனை" அலகிற்கான மேலதிக விளக்கம்)

"பாடத்தை நெஞ்சில் நிறுத்து" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "மூளையில் நிறுத்து" என்று எவரும் சொல்வதில்லை. பேச்சு வழக்கினை வைத்து விஞ்ஞான முடிவுக்கு வர முடியாதென்பது உங்களுக்குத் தெரியும். எனினும் அதனை ஒரு வினாவாக மாற்றிக்கொள்ளலாம். நினைவு மூளைக்கு வெளியே, உடலின் வேறு பகுதிகளிற் சேமிக்கப்படக் கூடுமா? இவ்வினாவை விஞ்ஞானிகள் உண்மையிலேயே பரிசோதித்திருக்கிறார்கள். கருதுகோள், கட்டுப்பாட்டுக் குழு, மீளச் செய்து பார்த்தல், பொய்ப்பித்தல் ஆகிய நான்கு எண்ணக்கருக்களையும் ஒரே வரலாற்றினூடாகக் கற்பதற்கு இதனை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1796 இல் எட்வேட் ஜென்னர் பசு அம்மையினைக் கொண்டு பெரியம்மைக்கு எதிரான பாதுகாப்பை உண்டாக்கிக் காட்டினார். ஒருமுறை எதிர்கொண்ட கிருமியை எமது நிர்ப்பீடனத் தொகுதி மீண்டும் இனங்கண்டு விரைவாகத் தாக்குகின்றது. இதனை "நிர்ப்பீடன நினைவு" என்கிறோம். அக்கலங்கள் மூளைக்கு வெளியேதான் உள்ளன. "ஆகவே நினைவு மூளைக்கு வெளியேயும் உள்ளது" என்று ஒருவர் முடித்தால் அது ஒரே சொல்லை இரு பொருளில் வழங்குவதனால் ஏற்படும் போலியாகும். ஏழாம் ஆண்டில் படித்த ஆசிரியையின் முகம் உங்களுக்கு ஞாபகம் வருவதும், குருதியிலுள்ள கலமொன்று கிருமியை இனங்காண்பதும் ஒன்றல்ல. நாம் இங்கு ஆராய்வது கற்றலினால் நடத்தையில் ஏற்படும் மாற்றம் எங்கே பேணப்படுகின்றது என்பதனையே ஆகும்.

தட்டைப்புழுப் பரிசோதனைகள்

பிளனேரியா என்பது நன்னீரில் வாழும் சிறிய தட்டைப்புழு. அதன் தலையில் எளிய மூளை ஒன்று உண்டு. அதனை இரண்டாக வெட்டினால் தலைப்பாதி வாலையும் வாற்பாதி தலையையும் புதிதாக வளர்த்துக்கொள்ளும். அதாவது வாற்பாதி தனக்கெனப் புதிய மூளையையே உண்டாக்குகின்றது. எமது வினாவைச் சோதிப்பதற்கு இப்புழுவை விடப் பொருத்தமான உயிரி வேறில்லை என்பது புரிகிறதல்லவா?

1955 இல் ரொபேட் தொம்சன், ஜேம்ஸ் மக்கொனல் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் இப்புழுக்களுக்கு முதலில் ஒளியையும் அதனைத் தொடர்ந்து மின்னதிர்ச்சியையும் பலமுறை கொடுத்தனர். நாளடைவில் ஒளி பட்டவுடனேயே, அதிர்ச்சி வரும் முன்பே, புழுக்கள் உடலைச் சுருக்கின. பவ்லோவின் நாய் மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்தது போன்ற நிபந்தனைப்படுத்தலே இது. பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய மக்கொனல், 1959 இல் தமது குழுவினருடன் பயிற்சி பெற்ற புழுக்களை வெட்டினார். இரு பாதிகளும் முழு உடலாக வளர்ந்த பின் மீண்டும் பயிற்றியபோது, தலைப்பாதியைப் போலவே வாற்பாதியும் விரைவாகக் கற்றது. மூளை போனது, ஆனால் நினைவு போகவில்லை!

இத்துடன் அவர் நிறுத்தவில்லை. 1962 இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற புழுக்களைத் துண்டாக்கிப் பயிற்சி பெறாத புழுக்களுக்கு உணவாகக் கொடுத்தார். தின்ற புழுக்கள், பயிற்சி பெறாதவற்றைத் தின்ற புழுக்களை விடக் கூடுதலாக ஒளிக்குச் சுருங்கின. நினைவு ஓர் இரசாயனப் பொருளாக, அனேகமாக ஆர்.என்.ஏ ஆக, உடலெங்கும் பரவியிருக்கின்றது என்பது அவரது விளக்கம். பத்திரிகைகள் இதனைப் பெரிதாக வெளியிட்டன. படிக்காமலே படித்தவரின் அறிவைப் பெறலாம் என்று அன்று பலர் கனவு கண்டனர். (பரீட்சைக்கு முதல் நாளில் இக்கனவு உங்களில் சிலருக்கும் வருவதுண்டு.) பாடசாலை மாணவர்கள் கூடப் புழு கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினர். அவர் நடத்திய சஞ்சிகையில் ஆய்வுக் கட்டுரைகளுடன் நகைச்சுவைக் கட்டுரைகளும் வெளிவந்தன. எது ஆய்வு, எது நகைச்சுவை என்று வாசகர் குழம்பியதால் பிற்காலத்தில் நகைச்சுவைப் பகுதியைத் தலைகீழாக அச்சிட்டார்கள்.

இனி அளவையியல் மாணவராக இதனை நோக்குங்கள். ஜே. எஸ். மில்லின் வேற்றுமை முறைப்படி, இரு குழுக்களும் ஒரேயொரு காரணியில் மட்டும் வேறுபட வேண்டும். 1962 ஆம் ஆண்டுப் பரிசோதனையில் ஒரு குழு "கற்ற புழுவை"த் தின்றது. மற்றையது "கற்காத புழுவை"த் தின்றது. வேறுபாடு ஒன்றுதானா? சற்று நிறுத்தி யோசித்து விட்டு மேலே வாசியுங்கள்.

கற்ற புழு கற்றது மட்டுமல்ல, பலமுறை ஒளியில் வைக்கப்பட்டது, அதிர்ச்சிக்கு உள்ளானது, மனிதர் கையிற் புரண்டது. எனவே வேறுபாடுகள் பல. 1964 இல் வேறு ஆய்வாளர்கள் இதனையே பிடித்தார்கள். அவர்கள் ஒளி மட்டும் காட்டப்பட்ட புழுக்களையும், வெறுமனே கையாளப்பட்ட புழுக்களையும் தனித்தனிக் குழுக்களுக்கு உண்ணக் கொடுத்தனர். அக்குழுக்களும் "கற்ற புழுவை"த் தின்ற குழுவுக்குச் சளைக்கவில்லை. தின்ற புழுவிற்குக் கடத்தப்பட்டது பாடமல்ல, வெறும் பரபரப்பு நிலை மட்டுமே என்று கருத இடமுண்டு. இதைத் தவிர, இப்புழுக்கள் செல்லும் வழியில் சீதத்தைப் படிய விடுகின்றன. முன்னர் சென்ற புழுவின் சீதம் பின்வரும் புழுவின் நடத்தையை மாற்றும். பாத்திரத்தைக் கழுவினோமா என்பது கூட இங்கு ஒரு மாறி!

நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினின் ஆய்வுகூடத்தில் இப்புழுக்களை நம்பத்தக்க வகையில் பயிற்றவே முடியவில்லை என்று 1964 இல் அறிவித்தார்கள். ஆதரவாளர்களோ புழுவின் இனம் வேறு, நீர் வேறு, உணவு வேறு என்று காரணங்கள் கூறினர். இவற்றுட் சில நியாயமானவை. ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புதிய துணைக் கருதுகோளைச் சேர்த்துக்கொண்டே போனால், கார்ல் பொப்பரின் நோக்கில் அக்கொள்கை பொய்ப்பிக்கப்பட முடியாததாகி விடும். அத்துடன் அதன் விஞ்ஞானத் தன்மையும் குன்றிவிடும். எலிகளிலும் இதே கதைதான். 1965 இல் பயிற்சி பெற்ற எலியின் மூளை ஆர்.என்.ஏயை மற்றைய எலிக்கு ஏற்றி வெற்றி கண்டதாக ஒரு குழு கூறியது. 1966 இல் 23 ஆய்வாளர்கள் கூட்டாகத் தமக்கு அவ்விளைவு கிடைக்கவில்லை என்று எழுதினர்.

மூடிய கோவை மீண்டும் திறந்தது

இத்துடன் நிறுத்தி "மக்கொனல் பிழை" என்று விடை எழுதும் மாணவர்கள் அரைவாசிப் புள்ளியை இழக்கிறார்கள் என்பேன். 2013 இல் அமெரிக்காவின் ரவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தல் சொம்ராற், மைக்கல் லெவின் ஆகியோர் இதே புழுவை மீண்டும் எடுத்தனர். இம்முறை பயிற்சியையும் அளவீட்டையும் கணினி இயந்திரம் செய்தது. மனிதரின் கையும் விருப்பமும் குறுக்கே வரவில்லை. சொரசொரப்பான தரையுள்ள பாத்திரத்திலே ஒளி விழும் இடத்தில் ஈரல் உணவைப் பெறுவதற்குப் புழுக்களைப் பழக்கினார்கள். பின் தலையை வெட்டினார்கள். ஏறத்தாழ இரு வாரத்தில் புதிய தலை வளர்ந்தது. முதலில் அவை எதையும் நினைவிற் கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரேயொரு குறுகிய மீள்பயிற்சியின் பின், பழக்கப்படாத புழுக்களை விட விரைவாக உணவை நாடின. ஏதோ ஒரு சுவடு எஞ்சியிருந்தது என்பதே இதன் பொருள்.

ஆயினும் "மூளைக்கு வெளியே" என்பதும் "நரம்புத் தொகுதிக்கு வெளியே" என்பதும் ஒன்றல்ல. இப்புழுவின் உடல் நீளத்திற்கு நரம்பு நாண்கள் ஓடுகின்றன. சுவடு அங்கே இருந்திருக்கலாம்.

2018 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் டேவிட் கிளான்ஸ்மன் குழுவினர் கடல் முயல் எனப்படும் நத்தையின வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். அதன் நரம்புத் தொகுதியிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏயை, அதிர்ச்சி பெறாதவற்றுக்கு ஏற்றினர். அவை தொடுகைக்கு ஏறத்தாழ 40 செக்கன் வரை உடலைச் சுருக்கி வைத்திருந்தன. அதிர்ச்சி பெறாத நத்தையின் ஆர்.என்.ஏ ஏற்றப்பட்டவை அவ்வாறு செய்யவில்லை. மக்கொனலின் பழைய எண்ணம் முற்றிலும் வீணல்ல என்று இது காட்டுகின்றது. ஆனால் இங்கு கடத்தப்பட்டது கூருணர்வு மட்டுமே. "இன்ன இடத்தில் இன்னது நடந்தது" என்ற நினைவல்ல.

2024 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் நிக்கொலாய் குகுஷ்கின், தோமஸ் கரூ முதலியோர் மூளையைச் சாராத மனிதக் கலங்களை, சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட கலங்கள் உட்பட, ஆய்வுகூடத்தில் வளர்த்து இரசாயனத் தூண்டல் கொடுத்தனர். தூண்டலை ஒரே தடவையில் கொடுத்ததை விட இடைவெளி விட்டுக் கொடுத்தபோது நினைவுடன் தொடர்பான பரம்பரை அலகு கூடிய வலிமையுடனும் நீண்ட நேரமும் தொழிற்பட்டது. இடைவெளி விட்டுப் படித்தால் மனதில் நிற்கும் என்பதை ஜேர்மனியரான எபிங்கவுஸ் 1885 இலேயே காட்டினார். சிறுநீரகக் கலமும் அவ்விதிக்கு உட்படுகிறதென்பது வியப்புக்குரியதே. அதற்காகச் சிறுநீரகம் தேவாரம் ஒப்புவிக்கும் என்று எழுதி விடாதீர்கள்.

மனிதரில் நிலை என்ன?

இதய மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்குக் கொடையாளியின் விருப்பங்கள் வந்தன என்னும் செய்திகளை வாசித்திருப்பீர்கள். வியன்னாவில் 47 பேரிடம் நடத்தி 1992 இல் வெளியிட்ட ஆய்வில் 79 சதவீதத்தினர் தமது ஆளுமை மாறவில்லை என்றனர். 15 சதவீதத்தினர் மாற்றம் உண்டென்றாலும் உயிராபத்தைச் சந்தித்ததே காரணம் என்றனர். புதிய இதயத்தினால் மாறினோம் என்றவர்கள் மூவர் மட்டுமே. அதுவும் அவர்களது சொந்தக் கூற்று. பொருந்திய செய்திகளை மட்டும் எண்ணி, பொருந்தாதவற்றை விட்டுவிடுவது தொகுத்தறி முறையிலே மிகச் சாதாரணமான குறைபாடு.

"கை தானாகவே எழுதுகிறது, எனவே நினைவு கையில் உள்ளது" என்பதும் அடிக்கடி வரும் விடை. வலிப்பு நோய்க்காக 1953 இல் மூளையின் ஹிப்போகம்பஸ் பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவரை எடுங்கள். அவரால் புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்க இயலவில்லை. பிரெண்டா மில்னர் அவரிடம் கண்ணாடியிற் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவரது கை திருந்தியது. முன்னர் வரைந்ததோ அவருக்கு நினைவில்லை. கை கற்றதா? இல்லை. கைத்திறனுக்குரிய நினைவு மூளி முதலான மூளையின் வேறு பகுதிகளிற் பேணப்படுகின்றது. "தசை நினைவு" என்ற பெயர் வசதிக்காக வழங்கும் பெயரே.

இவ்வினா பரீட்சையில் எவ்வடிவில் வந்தாலும் "ஆம்", "இல்லை" என்று தொடங்க வேண்டாம். எந்த உயிரி, எவ்வகை நினைவு, எந்தக் கட்டுப்பாட்டுக் குழு என மூன்றையும் கேட்டு எழுதுங்கள்.

பயிற்சி வினா: மக்கொனலின் 1962 ஆம் ஆண்டுப் பரிசோதனையை நீங்கள் மீளச் செய்வதாயின் எத்தனை குழுக்களை அமைப்பீர்கள்? ஒவ்வொரு குழுவுக்கும் எவ்வகைப் புழுவை உணவாகக் கொடுப்பீர்கள்? ஒவ்வொன்றும் எந்தக் காரணியை விலக்குகின்றது என்பதையும், எப்பெறுபேறு கிடைத்தால் கருதுகோளைக் கைவிடுவீர்கள் என்பதையும் விளக்குக.