மோடத்தின் இருவகை எழுத்து: நிலைபொருளும் நாட்டமைவும்

முன்னுரை

தொலைபேசிக் கம்பியின் வழியே கணிப்பொறிகள் ஒன்றோடொன்று உரையாடிய காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் பல்லாண்டுகளாக நடத்திவந்த தொலைபேசிவழி இணையச் சேவையை 2025 செப்டம்பர் 30 ஆம் நாள் நிறுத்தியது. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபொழுது பெரும்பாலோர்க்கு வாயிலாய் அமைந்ததும் இக்கம்பியே. ஒரு கருவி வழக்கொழியும்பொழுது அதனைக் குறித்த சொற்களும் பொருள் மங்குதல் இயல்பு. அங்ஙனம் மங்கிவரும் இரண்டு சொற்களின் பொருளை வரையறுத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பொறியாளர் ‘ஃபர்ம்வேர்’ என வழங்கும் நிலைபொருள் ஒன்று. ‘கன்ட்ரி’ என வழங்கும் நாட்டமைவு மற்றொன்று.

இவ்விரண்டும் எழுத்தால் ஆயவை. முன்னது எந்நாட்டிற்கும் பொதுவான இலக்கணம் போல்வது. பின்னது ஒரு நாட்டுத் தொலைபேசியின் வழக்கைச் சுட்டுவது. இவ்வேறுபாட்டை உணராமையால் நேரும் பிழையின் சுமை, பிழை செய்தார்மேல் விழாது அழைப்பார்மேல் விழுகின்றது என்பதனையும் ஈண்டுக் காட்டுவோம்.

1. அணுகல் சேவையகத்தில் மோடம்

மோடம் என்பது கணிப்பொறியின் 0, 1 என்னும் குறிகளை ஒலியாக மாற்றியும், அவ்வொலியை மீண்டும் குறிகளாக மாற்றியும் தரும் கருவி. தொலைபேசி மக்கட் குரலுக்கென அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே அது கடத்தும். அக்குறுகிய எல்லைக்குள் மோடம் தன் செய்தியை அடக்குதல் வேண்டும்.

இல்லங்களில் இருந்த மோடம் ஒரு சிறு பெட்டி. இணையச் சேவை தருவோரிடமோ ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானோர் அழைப்பர். தொடக்கத்தில் அழைப்புக்கு ஒரு பெட்டியும் ஒரு கம்பியுமாக அடுக்கிவைத்தனர். 1990களின் பிற்பகுதியில் அவ்வடுக்குகளின் இடத்தை அணுகல் சேவையகம் பெற்றது. சிஸ்கோ நிறுவனத்தின் ஏஎஸ் 5300 என்னும் சேவையகத்தை யாம் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

இச்சேவையகத்தை நோக்கி வருவது தனித்தனிக் கம்பியன்று. பல அழைப்புகளை எண்களாகவே சுமந்துவரும் பெருந்தடம். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கும் இ1 தடம் நொடிக்கு 20,48,000 பிட் கடத்தி 30 அழைப்புகளைச் சுமக்கும். வட அமெரிக்காவின் டி1 தடம் நொடிக்கு 15,44,000 பிட் கடத்தும். அதில் 24 வழிகள் உண்டு. ஆகவே ஈண்டு மோடம் எனப்படுவது தொலைபேசிச் செருகி உடைய பெட்டியன்று. எண்ணாக வரும் ஒலியைக் கணக்கிடும் நுண்செயலியும் அதனுள் இயங்கும் நிரலுமே மோடம் ஆகின்றன. ‘மைக்கா’ எனப் பெயர் பெற்ற தொகுதி ஒன்றில் இத்தகைய மோடம்கள் ஆறு இருந்தன. பின்னர் வந்த இருமடித் தொகுதியில் பன்னிரண்டு இருந்தன.

2. நிலைபொருள்

நுண்செயலிக்குத் தன்னளவில் ஒலியறிவு இல்லை. எவ்வொலியை எழுப்புவது, எவ்வொலிக்கு எவ்வாறு விடையிறுப்பது, கம்பியின் குறையறிந்து எவ்வேகத்தைத் தேர்வது என்பனவெல்லாம் அதனுள் இடப்பெறும் நிலைபொருளில் எழுதப்பட்டுள்ளன. மைக்கா மோடங்களின் நிலைபொருளைச் சிஸ்கோ நிறுவனத்தார் ‘போர்ட்வேர்’ என்றனர். கருவியை மாற்றாமல் அதன் இயல்பை மாற்ற இயன்றது இவ்வெழுத்தினாலேயே.

இதன் பயன் 1998 இல் நன்கு புலனாயிற்று. அதற்கு முன் வி.34 என்னும் நெறி 1994 இல் நொடிக்கு 28,800 பிட் வேகத்தையும், 1996 இல் விரிவுற்று 33,600 பிட் வேகத்தையும் தந்தது. சேவையகம் எண்வழித் தடத்தோடு நேரே இணைந்திருத்தலால், சேவையகத்திலிருந்து அழைப்பவரை நோக்கிச் செல்லும் திசையில் ஒலியை எண்ணாக்கும் இழப்பு ஒன்று நீங்கும். அதனைப் பயன்கொண்டு 56,000 பிட் வரை செல்லலாம் எனக் கண்டனர். 1997 இல் யுஎஸ் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்2 முறையும், ராக்வெல், லூசென்ட் நிறுவனங்களின் கே56ஃபிளெக்ஸ் முறையும் தம்முள் மாறுபட்டு நின்றன. ஒன்றைப் பேசும் மோடம் மற்றொன்றோடு அவ்வேகத்தில் பேசாது. 1998 இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வி.90 என்னும் பொதுநெறியை ஏற்றது. நிலைபொருள் புதுப்பிக்கத்தக்க மோடங்களை உடையோர் பலர் கருவியை எறியாமல் எழுத்தை மட்டும் மாற்றிப் புதுநெறிக்கு வந்தனர்.

சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரு மோடத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் பெயரை மட்டும் கூறுதல் போதாது. அதனுள் இருக்கும் நிலைபொருள் எப்பதிப்பு என்பதனையும் கூறல் வேண்டும். பிந்திய பதிப்பே எப்பொழுதும் சிறந்தது என்னும் கருத்தும் பொருந்தாது. ஒரு நிறுவனத்தின் இல்ல மோடங்களோடு நன்கு பேசும்பொருட்டுச் செய்த திருத்தம், பிறிதொரு நிறுவனத்தின் மோடங்களோடு பேசுங்கால் இடையூறு விளைத்தலும் உண்டு.

3. புதுப்பிக்கும் முறை

புதிய நிலைபொருள் சேவையகத்தை இருவழியால் அடையும். சேவையகத்தின் இயக்கமுறைமைக் கோப்போடு சேர்ந்தே ஒரு பதிப்பு வருதல் ஒன்று. தனிக்கோப்பாகப் பெற்று ஃபிளாஷ் நினைவகத்தில் இடுதல் மற்றொன்று. தனிக்கோப்பைச் சுட்டும் கட்டளை இல்லாவிடின் உடன்வந்த பதிப்பே மோடத்தில் ஏறும். எனவே, இயக்கமுறைமையை மட்டும் மாற்றினோம் என்று கருதுவோர், தாம் அறியாமலே மோடத்தின் பாடத்தையும் மாற்றியிருத்தல் கூடும்.

இனி, மைக்கா தொகுதியில் உள்ள மோடங்கள் ஒரே நிலைபொருளைப் பகிர்வன. ஆறனுள் ஒன்றில் அழைப்பு நடந்துகொண்டிருப்பினும் அத்தொகுதிக்குப் புதிய பாடம் ஏற்றலாகாது. ஆகவே புதிய அழைப்புகளைத் தொகுதிக்குள் விடாது தடுத்து, நடப்பன முடியும்வரை காத்திருந்து ஏற்றுதல் ஒரு முறை. சேவையகம் அடுத்து மறுதொடக்கம் பெறும்பொழுது ஏற்றுதல் பிறிதொரு முறை. அழைப்பு அருகிய பின்னிரவில் தொகுதி தொகுதியாக ஏற்றுதலும் உண்டு. இவற்றுள் எதனைக் கொள்வது என்பது, நடுவே அறுபடும் அழைப்புகளைப் பொருட்படுத்தும் அளவைப் பொறுத்தது.

4. நாட்டமைவு: இருவகை விதி

நிலைபொருள் எத்துணைச் சிறந்ததாயினும், தான் எந்நாட்டுத் தடத்தில் நிற்கின்றது என்பதனை மோடம் அறிதல் வேண்டும். அதனை அறிவிப்பது ‘மோடம் கன்ட்ரி’ எனத் தொடங்கும் கட்டளை. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் பெயர்கள் அதன் பட்டியலில் உள்ளன. அப்பெயர்களோடு நாடல்லாத இரண்டு பெயர்களும் உள்ளன என்பது உற்றுநோக்கற்குரியது. அவை ‘இ1-டிஃபால்ட்’, ‘டி1-டிஃபால்ட்’ என்பன. முன்னதற்கு ஏ விதி என்றும் பின்னதற்கு மியூ விதி என்றும் விளக்கம் தரப்பட்டுள்ளது. நாடு என்னும் சொல் ஈண்டு ஆட்சி எல்லையைக் குறிக்கவில்லை, ஒலி வழக்கையே குறிக்கின்றது என்பதற்கு இதுவே சான்று.

அவ்விரு விதிகள் யாவை எனக் காண்போம். தொலைபேசி நிலையம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுப் பிட் கொண்ட குறியாக எழுதும். அதனால் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 64,000 பிட் ஆகின்றது. எட்டுப் பிட்டில் 256 படிகளே அமையும். அவற்றைச் சமமாகப் பகுப்பின் மெல்லிய குரல் சிதையும். ஆதலின் மெல்லொலிக்கு நெருங்கிய படிகளும் வல்லொலிக்கு அகன்ற படிகளும் வகுத்தனர். இப்பகுப்பை வட அமெரிக்காவும் சப்பானும் ஒருவகையாகவும், ஐரோப்பாவும் இந்தியாவும் பிறிதொரு வகையாகவும் கொண்டன. முன்னது மியூ விதி. பின்னது ஏ விதி. 1972 இல் தோன்றிய ஜி.711 என்னும் பன்னாட்டுப் பரிந்துரை இரண்டனையும் ஏற்றது. இருவகை நாடுகளுக்கிடையே அழைப்புச் செல்லுமாயின் குறிகளை மாற்றித் தரும் கடமை மியூ விதி நாட்டைச் சாரும் என்றும் அது வரையறுத்தது.

குறிகளை எழுதும் முறையிலும் வேறுபாடு உண்டு. மியூ விதியில் அளவின் பிட்டுகள் எல்லாம் தலைகீழாக்கப்படும். ஏ விதியில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகும். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒலியே இல்லாத நிலையை மியூ விதி 11111111 என எழுதும். ஏ விதி 11010101 என எழுதும். இரண்டாவதனை மியூ விதியால் படிப்பின் அது அமைதியைக் குறிக்காது, ஓர் ஒலியளவையே குறிக்கும். முதலாவதனை ஏ விதியால் படிப்பினும் அங்ஙனமே. விதி மாறின் அமைதியும் ஓசையாகிவிடுகின்றது. அமைதிக்கே இந்நிலை எனின், நுண்ணிய வேறுபாடுகளில் செய்தியை அடக்கிய மோடத்தின் ஒலி என்னாகும் என்பது கூறாமலே விளங்கும்.

வி.90 நெறியில் சேவையக மோடம், தான் பின்பற்றும் விதி இன்னது என்பதனைத் தொடக்க உரையாடலிலேயே ஒரு பிட்டினால் அழைப்பவர்க்கு அறிவிக்கும். நாட்டமைவு பிழையாயின் அவ்வறிவிப்பும் பிழையாகும். கேட்கும் மோடம் தன்னிடத்தே குற்றமின்றியும் தடுமாறும்.

5. நீங்குவனவும் நிற்பனவும்

நாட்டுக்கு நாடு வேறுபடும் வழக்குகள் பல. அவற்றுள் சில எண்வழித் தடத்தில் பொருளற்றுப் போகும். சான்றாக, பழைய சுழல்வட்டத் தொலைபேசி முறையில் எண் சுழற்றுங்கால் கம்பி இணைந்தும் அறுந்தும் நிற்கும் கால அளவு, அமெரிக்காவில் நூற்றுக்கு 39, 61 என்றும், பிரிட்டனில் 33, 67 என்றும் கொள்ளப்பட்டது. இல்ல மோடத்திற்கு இது வேண்டும். எண்ணாக அழைப்பைப் பெறும் சேவையகத்திற்கு இது வேண்டா.

ஒலியைப் பற்றிய வழக்குகள் நிற்கும். அவற்றுள் பிரிட்டனின் காவலொலி குறிப்பிடத்தக்கது. வி.22 நெறியில் அழைப்பை ஏற்கும் மோடம் 2400 ஹெர்ட்ஸ் ஒலியில் பேசும். பிரிட்டனின் தொலைபேசி வலையில் அழைப்பைக் கட்டுப்படுத்தும் குறியொலியாக 2280 ஹெர்ட்ஸ் வழங்கிவந்தது. இவை தம்முள் அண்மையன. மோடத்தின் பேச்சையே கட்டுப்பாட்டுக் குறியெனக் கொண்டு வலை இணைப்பைத் துண்டித்தல் கூடும். அதனைத் தடுத்தற்பொருட்டு 1800 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றையும் உடன் எழுப்பினர். அழைப்பை ஏற்பது சேவையகமே ஆதலின் அவ்வொலியை எழுப்பும் பொறுப்பும் அதனுடையதே. பிற நாடுகள் பலவற்றில் இவ்வொலி தேவையற்றது.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். திசைவழக்கைப் பிழையென ஒதுக்காமல் இலக்கணத்துள் ஓர் இடம் தந்த நெறி அது. மோடத்தின் நாட்டமைவும் அத்தன்மையது. காவலொலி வி.22 நெறிக்குப் புறம்பானதன்று. வேண்டுவோர் கொள்க என அந்நெறியே இடம் தந்துள்ளது.

6. பிழையின் சுமை

சேவையகம் அழைப்பை ஏற்ற அக்கணமே தொலைபேசிக் கட்டணம் தொடங்கும். மோடங்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்டனவா என்பதனைத் தொலைபேசி நிலையம் வினவாது. ஆகவே நாட்டமைவில் ஒரு சொல் மாறியிருப்பின், அழைப்பவர் இணைப்புப் பெறாமலே கட்டணம் செலுத்துவார். மீண்டும் அழைப்பார், மீண்டும் செலுத்துவார். தம் பெட்டியையோ தம் கம்பியையோ குறைகூறுவார். குற்றம் தொலைவில் உள்ள ஒரு கட்டளையில் இருத்தலை அவர் அறியும் வழி இல்லை. அறியும் வழியுடையவர் சேவையகத்தைப் பேணுவோரே.

அவர் மூன்று வினாக்களால் குற்றத்தின் இடத்தை ஒருவாறு தெளியலாம். அழைப்போர் அனைவர்க்கும் இடையூறு நேரின் முதற்கண் ஐயுறத்தக்கது நாட்டமைவு. ஒரே நிறுவனத்தின் மோடம் உடையோர்க்கு மட்டும் நேரின் ஐயுறத்தக்கது நிலைபொருள். ஒரே தொலைபேசி நிலையத்தைச் சார்ந்தோர்க்கு மட்டும் நேரின் ஐயுறத்தக்கது கம்பி. இவ்வரிசை அறியாதார், நாட்டமைவுப் பிழைக்கு நிலைபொருளை மாற்றி மாற்றி உழல்வர். எத்தனை பதிப்பு மாற்றினும் அப்பிழை தீராது. ஏனெனில் நாட்டமைவு நிலைபொருளுள் இல்லை, சேவையகத்தின் அமைவுக் கோப்பில் உள்ளது. அமைவை மாற்றியும் அதனைச் சேமியாதுவிடின், அடுத்த மறுதொடக்கத்தில் பழைய சொல்லே மீளும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மோடத்தை இயக்கும் எழுத்து இருவகைத்து என்பதும், அவை இடத்தாலும் பயனாலும் வேறுபடும் என்பதும் பெறப்படும். ஆதலின் கலைச்சொல் ஆக்குவோர் ‘கன்ட்ரி’ என்பதனை நாடு என வாளா பெயர்த்தல் பொருந்தாது. நாட்டு வழக்கமைவு என விரித்தோ, நாட்டமைவு எனச் சுருக்கியோ வழங்குதல் தகும் என்பது எம் கருத்து.

கருவி மறைந்தும் வேறுபாடு மறையவில்லை. இணையவழிக் குரல் அழைப்புகளில் இன்றும் மியூ விதிக்கு 0 என்றும், ஏ விதிக்கு 8 என்றும் தனித்தனி எண் வழங்குகின்றது. கம்பியில்லா வைஃபை கருவிகளிலும் நாட்டைச் சுட்டும் அமைவு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்காவில் 1 முதல் 11 வரையிலான தடங்களே பொதுவாக வழங்க, ஐரோப்பாவில் 13 வரை வழங்குகின்றன. 12 ஆம் தடத்தில் இயங்கும் ஒரு நிலையத்தை, அமெரிக்க அமைவு கொண்ட கருவி காணாமலே போதல் கூடும். அதனை எதிர்கொள்வோர் நிலைபொருளைப் புதுப்பிக்க முற்படுமுன் நாட்டமைவை நோக்குவாராக.