குப்பையின் வழித்தடம் – 9: முதல் வரியை எழுதுவது யார்?

வோல்வோவின் ஈ.எக்ஸ்.90 மின்சார காரில், ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறம் சின்னதாக ஒரு கியூஆர் கோடு இருக்கிறது. போனில் ஸ்கேன் செய்தால் பேட்டரியின் பூர்வீகம் தெரிந்துவிடும். மூலப்பொருட்கள் எங்கிருந்து வந்தன, அவற்றில் மறுசுழற்சியில் கிடைத்தது எவ்வளவு, தயாரிப்பில் வெளியான கரியமில வாயு எவ்வளவு என எல்லாம் அதில் உண்டு. உலகின் முதல் பேட்டரி பாஸ்போர்ட் என்று 2024-ல் இதை அறிவித்தார்கள். உருவாக்கியது பிரிட்டனின் ‘சர்க்குலார்’ என்ற ஸ்டார்ட் அப். காருக்குச் சுமார் 10 டாலர் செலவு.

இதற்கான வெள்ளோட்டம் 2019-லேயே நடந்தது. சீன மறுசுழற்சி ஆலை ஒன்றில் மீட்ட கோபால்ட்டை, வோல்வோவின் கைக்கு வரும்வரை பிளாக்செயின் என்ற பகிர்வு டிஜிட்டல் கணக்கேட்டில் பின்தொடர்ந்தார்கள்.

ஏன் இந்த மெனக்கெடல்? சுரங்கத்தில் வெட்டிய கோபால்ட்டும் பழைய பேட்டரியிலிருந்து மீட்ட கோபால்ட்டும் சுத்திகரித்த பிறகு ஒன்றுதான். எந்தச் சோதனைக்கூடத்திலும் பிரித்துச் சொல்ல முடியாது. காங்கோவில் ஒரு சிறுவன் தோண்டியதா, கழிவிலிருந்து வந்ததா என்பதற்கு ஆவணம் மட்டுமே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியமோ 2027 பிப்ரவரி முதல் மின்சார வாகன பேட்டரிகளுக்கு இந்த பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்குகிறது. 2031-லிருந்து அவற்றின் கோபால்ட்டில் 16 சதவீதமும் லித்தியம், நிக்கலில் தலா 6 சதவீதமும் மறுசுழற்சியில் வந்தவையாக இருக்க வேண்டும். சட்டம் ஆவணத்துக்கு விலை வைத்துவிட்டால், பொய் ஆவணத்துக்கும் சந்தை முளைத்துவிடும்.

பிளாக்செயினின் பலம் இங்கேதான். சங்கிலியில் உள்ள எல்லாரிடமும் ஒரே கணக்கு இருக்கும். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு பிணைந்திருக்கும். ஒருவர் மட்டும் ரகசியமாகப் பழைய எண்ணைத் திருத்த முடியாது. உள்ளே போன எடையையும் வெளியே வந்த எடையையும் கணினி ஒப்பிடும். பத்து டன் வாங்கிய ஆலை பன்னிரண்டு டன் விற்றால் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் முதல் வரியே பொய்யாக இருந்தால்? 2023-ல் நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில், பிளாஸ்டிக் மறுசுழற்சியாளர்கள் சிலர் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியது வெளியே வந்தது. செய்யாத மறுசுழற்சிக்குச் சான்றிதழ். அவற்றை பிளாக்செயினில் ஏற்றியிருந்தால், அந்தப் பொய்யை யாரும் அழிக்க முடியாதபடி அது காப்பாற்றி வைத்திருக்கும். தொழில்நுட்பத்தை விற்க வருபவர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை, சொல்லியாக வேண்டும்.

2013-ல் கனடாவின் வான்கூவரில் தொடங்கிய ‘பிளாஸ்டிக் பேங்க்’ அமைப்பின் வேலைமுறை எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பிரேசில், எகிப்து நாடுகளில் பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள் மூட்டையை சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எடை போட்டதும் அவர்கள் பெயரிலேயே பிளாக்செயினில் பதிவாகிறது. பழைய சரக்குக்கான விலையோடு ஊக்கத்தொகையும் கிடைக்கிறது.

அந்தத் தராசைக் கொஞ்சம் கவனியுங்கள். எடையைக் குறைத்து எழுதினால் பொறுக்கியவருக்கு நஷ்டம். போனில் தன் கணக்கைப் பார்த்துவிட்டு அவரே சண்டைக்கு வருவார். கூட்டி எழுதினால் அவருக்கும் லாபம், மையத்தை நடத்துபவருக்கும் லாபம் என்பதால் இருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த மூட்டைகளைச் சொந்தக் காசு போட்டு வாங்கும் அடுத்த ஆலைதான் அதைத் தடுக்க முடியும். வராத சரக்குக்கு அந்த ஆலை பணம் தராது. அதனால் அங்கே போடும் இரண்டாவது எடையும் அதே கணக்கில் ஏறியாக வேண்டும். அந்த 6 லட்சம் சான்றிதழ்களின் பின்னால் இப்படி இரண்டாவது தராசு எதுவும் இருக்கவில்லை.

(தொடரும்)