பரணில் இருந்து இறங்கிய கம்ப்யூட்டர்: வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். பரணைக் காலி செய்தபோது கோணிப்பையில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய கேபினெட் கீழே இறங்கியது. எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி, கடைக்காரரே அசெம்பிள் செய்து கொடுத்தது.

"இது 2005-ல வாங்கினது" என்றார் அப்பா. "இல்லவே இல்லை. என் தங்கச்சி எம்.சி.ஏ. சேர்ந்த வருஷம் வாங்கினது. 2002" என்றார் அம்மா. பில் எங்கே என்று இருவருக்குமே தெரியவில்லை. எந்த வருடமாக இருந்தால் என்ன, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை!

நான் சாஃப்ட்வேர் ஆள். ஹார்டுவேர் என்றால் கொஞ்சம் பயம்தான். இருந்தாலும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராம் மீது கடைக்காரர் ஒட்டிய சிறிய வாரண்டி ஸ்டிக்கர் இருந்தது. 2002, ஆகஸ்ட் கட்டத்தில் பேனாவால் டிக் செய்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் ஸ்டிக்கரில் 2005, ஜூன். விஷயம் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் வாங்கியது 2002. முதல் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, புதிது வாங்கியது 2005. அம்மாவுக்குத் தங்கையின் படிப்பு ஞாபகம். அப்பாவுக்குக் கையில் இருந்து பணம் போன வருடம் ஞாபகம். இரண்டு பேரும் சரி!

பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. பின்பக்கம் உள்ள சீரியல் நம்பரை வைத்தே அது எப்போது தயாரானது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதன் பாகங்கள்தான் அதன் ஜாதகம். இதே சிக்கல்தான் உலகின் முதல் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் இருக்கிறது. அங்கே விடை தெரிந்தால் லட்சக்கணக்கான டாலர்கள்!

கிட் கம்ப்யூட்டர் என்றால் என்ன?

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தது. நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கி நகரில் இருந்த எம்.ஐ.டி.எஸ். நிறுவனத்தின் எட் ராபர்ட்ஸ் உருவாக்கியது. அதை 'கிட்' ஆக விற்றார்கள். அதாவது சிப், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், போர்டு எல்லாம் தனித்தனியாக ஒரு பெட்டியில் வரும். வாங்கியவரே சால்டரிங் செய்து கம்ப்யூட்டராக்க வேண்டும். ப்ராசசர் இன்டெல் 8080. மெமரி 256 பைட்டுகள். கிலோபைட் அல்ல, வெறும் பைட்டுகள்! கீ போர்டும் கிடையாது, மானிட்டரும் கிடையாது. முன்பக்கம் உள்ள ஸ்விட்சுகளைத் தட்டித்தான் புரோகிராம் கொடுக்க வேண்டும். இந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் பில் கேட்சும் பால் ஆலனும் ஆல்டேருக்கு பேசிக் மொழியை எழுதினார்கள். அதே ஆண்டு மைக்ரோசாப்ட் பிறந்தது.

இங்கிலாந்தில் 1981-ல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்81 இன்னொரு உதாரணம். முழுதாக வாங்கினால் 69.95 பவுண்டு. கிட் ஆக வாங்கி நாமே சேர்த்துக்கொண்டால் 49.95 பவுண்டு. 20 பவுண்டு மிச்சம் பிடிக்க எத்தனையோ வீடுகளில் சால்டரிங் புகை எழுந்தது.

இப்படி வீட்டு மேஜையில் பிறந்த கம்ப்யூட்டர்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒருவர் சால்டரிங் அழகாகச் செய்திருப்பார். இன்னொருவர் தெறிக்க விட்டிருப்பார். ஒருவர் கூடுதல் மெமரி சேர்த்திருப்பார். 'இதைச் செய்தது யார், எப்போது?' என்பதற்குத் தொழிற்சாலைப் பதிவேட்டில் விடை கிடைக்காது.

போட்டோ சொன்ன சாட்சி

இப்போது ஒரு உண்மைச் சம்பவத்தைப் பார்க்கலாம்.

1976-ல் ஸ்டீவ் வாஸ்னியாக் ஒரு போர்டை வடிவமைத்தார். ஸ்டீவ் ஜாப்ஸ் அதை எடுத்துப் போய், கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் 'பைட் ஷாப்' என்ற கடை நடத்திய பால் டெரலிடம் காட்டினார். டெரல் 50 வேண்டும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: தனித்தனி பாகங்களாக வேண்டாம், சிப்புகளைப் பொருத்தி முழு போர்டாகக் கொடுங்கள் என்றார். அதுதான் ஆப்பிள்-1. விலை 666.66 டாலர். மொத்தமே சுமார் 200 தான் செய்தார்கள். அப்போதும் கேபினெட், பவர் சப்ளை, கீ போர்டு, மானிட்டர் எல்லாம் வாங்குபவர் பொறுப்புதான்!

டெரலிடம் காட்டிய அந்த முதல் மாதிரி போர்டு என்ன ஆனது? அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் ப்ராசசரையும் சில சிப்புகளையும் சாக்கெட்டில் இருந்து கழற்றி எடுத்துவிட்டார்கள். மீதி போர்டு, ஆப்பிள் தொடங்கிய வீட்டு வளாகத்திலேயே பல ஆண்டுகள் கிடந்தது. ஒரு பகுதி உடைந்தும் போனது.

சிப் இல்லாத, உடைந்த ஒரு போர்டு. பார்ப்பவர்களுக்கு வெறும் குப்பை. இதுதான் அந்த போர்டு என்று எப்படி நிரூபித்தார்கள் தெரியுமா? டெரல் 1976-ல் போலராய்டு கேமராவில் சில படங்கள் எடுத்து வைத்திருந்தார். படத்தில் தெரியும் பாகங்களையும் கையில் இருக்கும் போர்டையும் நிபுணர் ஒருவர் இடம் இடமாக ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. 2022 ஆகஸ்டில் அந்த போர்டு ஏலத்தில் 6,77,196 டாலருக்குப் போனது. அன்று அந்தப் படங்களை எடுக்காமல் விட்டிருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

சிப்பின் முதுகில் தேதி

போட்டோ இல்லாவிட்டால் வேறு வழி இருக்கிறது. இதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். தேவை ஒரு டார்ச், ஒரு லென்ஸ்.

பழைய சிப்புகளின் மேல் பெரும்பாலும் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகி இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு இலக்கம் வாரம். 7532 என்று இருந்தால் 1975-ம் ஆண்டின் 32-வது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம். 7620 என்றால் 1976 மே மாதம்.

எல்லா சிப்புகளின் எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் எது கடைசித் தேதியோ, அதற்கு முன்பு அந்த போர்டு முழுமை அடைந்திருக்க முடியாது. பெரும்பாலான சிப்புகள் 1976 என்று சொல்லி, ஒன்று மட்டும் 1981 என்றால் பிறகு யாரோ ரிப்பேர் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க் கதையேதான்.

இதில் ஒரு பொறி உண்டு, கவனம். அந்தக் காலத்து லாஜிக் சிப்புகளின் மாடல் நம்பரே 74-ல்தான் தொடங்கும். 7404 என்று இருந்தால் அது 1974-ன் நான்காவது வாரமா, 7404 என்ற மாடலா? சிப்பில் இருக்கும் மற்ற எண்ணையும் பாருங்கள். 'எஸ்என்' போன்ற எழுத்துகளுடன் இருப்பது மாடல். தனியாக நிற்பது பெரும்பாலும் தேதி.

பென்டியம் காலத்து இன்டெல் ப்ராசசரிலும் தேதி உண்டு. பேட்ச் நம்பரின் இரண்டாவது எழுத்து வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் வாரம். எல்218 என்று தொடங்கினால் 2-ல் முடியும் ஆண்டின் 18-வது வாரம். 1992-ஆ, 2002-ஆ என்பதை ப்ராசசர் மாடலே சொல்லிவிடும்.

கையெழுத்தும் மரப்பெட்டியும்

சில ஆப்பிள்-1 போர்டுகளின் பின்புறம் 01-00 என்று தொடங்கும் எண் கையால் எழுதப்பட்டிருக்கும். எழுதியது யார் என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. கடைசியில் கையெழுத்து நிபுணர்கள் ஆராய்ந்து, எழுதியவர் ஸ்டீவ் ஜாப்ஸ்தான் என்று சான்று கொடுத்தார்கள். இந்தச் செய்தி வெளியானது 2022-ல். யாராவது ஒருவர் 'ஏதோ கிறுக்கல்' என்று ஸ்பிரிட் வைத்துத் துடைத்திருந்தால் அந்தச் சாட்சி அன்றே போயிருக்கும்.

2021 நவம்பரில் ஏலத்துக்கு வந்த ஆப்பிள்-1 ஒன்றின் வரலாறு இன்னும் தெளிவானது. கலிஃபோர்னியாவின் சாஃபி கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியர் ஒருவர் வாங்கியது. ஹவாய்த் தீவின் கோவா மரத்தால் ஆன பெட்டியில் இருந்தது. 1977-ல் அவருக்கு ஆப்பிள்-2 வாங்க ஆசை. பழையதைத் தன் மாணவருக்கு 650 டாலருக்கு விற்றார். மாணவர் 44 ஆண்டுகள் வைத்திருந்தார். இரண்டே கைகள் மாறிய, தெளிவான சரித்திரம். ஏலம் கேட்ட விலை 4 லட்சம் டாலர்!

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2015-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி, கணவர் இறந்த பிறகு கராஜைச் சுத்தம் செய்து, எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகளை மறுசுழற்சி நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார். ரசீதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஆப்பிள்-1. அது 2 லட்சம் டாலருக்கு விற்றது. பாதிப் பணத்தைத் தருகிறோம், வாருங்கள் என்று அந்த நிறுவனம் பத்திரிகைகள் மூலம் அவரைத் தேடியது. அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே மனிதர் கணவர்தான். அவர் எங்கும் எழுதி வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

உடனே ஸ்விட்ச் போடாதீர்கள்!

பழைய கம்ப்யூட்டர் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் செய்வது ப்ளக்கைச் சொருகுவது. தயவுசெய்து வேண்டாம். இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. தூசி தட்டும் முன்பே எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஸ்டிக்கர், பேனா எழுத்து, பென்சில் குறி எதையும் அழிக்காதீர்கள்.

2. சிப்பின் நடுவே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். அது ஈப்ராம் சிப்பாக இருந்தால் ஸ்டிக்கருக்குக் கீழே ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் தொடர்ந்து வெயில் பட்டால் உள்ளே உள்ள புரோகிராம் அழிந்துவிடும்.

3. போர்டில் பேட்டரி இருந்தால் பாருங்கள். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து போர்டின் செம்புக் கோடுகளையே அரித்துவிடும்.

4. வெளிநாட்டில் இருந்து வந்த மெஷின் என்றால் வோல்டேஜைப் படியுங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் மெஷினை நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் மிஞ்சும்.

5. பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பல ஆண்டுகள் சும்மா இருந்தால் கெட்டிருக்கும். திடீரென முழு மின்சாரம் கொடுத்தால் வெடிக்கலாம். தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துச் சோதித்த பிறகே பவர் கொடுங்கள். ப்ளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும், கை வைக்காதீர்கள்.

6. ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதைக் கழற்றி காப்பி எடுங்கள். மற்ற ஆராய்ச்சி எல்லாம் பிறகு.

எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில்...

ஆறாவது குறிப்பை நானும் கடைப்பிடித்தேன். ஐடிஇ-யுஎஸ்பி கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி, ஹார்ட் டிஸ்க்கை என் லேப்டாப்பில் இணைத்தேன். சித்தியின் புராஜெக்ட், சில சினிமாப் பாட்டுகள், கேம்ஸ். நடுவே பெயரில்லாத ஒரு வேவ் ஃபைல். விண்டோஸ் சவுண்ட் ரெக்கார்டரில் பதிவு செய்தது. அந்த சாஃப்ட்வேர் ஒரே தடவையில் 60 விநாடிதான் பதிவு செய்யும். திறந்தால் என் தாத்தாவின் குரல். "இதுல பேசினா கேட்குமாடா?" என்று கேட்கிறார். 2009-ல் காலமானவர். அவர் குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை.

ஃபைலின் தேதி 01-01-2002 என்று இருந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கே 2005-ல் வாங்கியது. பிறகு எப்படி? மதர்போர்டின் சிமாஸ் பேட்டரி தீர்ந்தால் கம்ப்யூட்டரின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். ஃபைலும் அந்தத் தப்பான தேதியையே பதிந்துகொள்ளும். ஆக, ஃபைல் தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது! திரும்பக் கேட்டபோது பின்னால் அம்மா, "பத்திரிகை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுக்கணும்?" என்று யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. அது சித்தியின் கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் 2006-ல். தேதி கிடைத்துவிட்டது.

அந்த ஃபைலை இப்போது மூன்று இடங்களில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். கேபினெட் மீண்டும் பரண் ஏறிவிட்டது. இந்தத் தடவை சிமாஸ் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். உள்பக்கம் ஒரு தாளும் ஒட்டினேன். எப்போது, எங்கே வாங்கியது, எந்தப் பாகத்தை எப்போது மாற்றியது, யார் யார் பயன்படுத்தியது என்று எல்லாம் எழுதி.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான். பழைய இரும்புக்காரர் வாசலுக்கு வரும் முன் செய்துவிடுங்கள்!