அளந்து வைத்த அடிகள்

நுழையும்முன்

தொழில் தொடங்குவோரை அச்சம் அறியாதவர்கள் என்று உலகம் போற்றுகிறது. குழந்தைகளைப் பேணும் பொறுப்பைச் சுமந்துகொண்டே தொழிலில் இறங்கும் தாயோ அச்சத்தை நன்கு அறிந்தவர். தமக்கு நேரும் இழப்பு தம்மோடு நில்லாது, குழந்தையின் உணவையும் கல்வியையும் தொடும் என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். அந்த அச்சம் அவரைத் தடுத்து நிறுத்துகிறதா, வழிநடத்துகிறதா? தாய்மார் சிலரின் தொழில் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

இடர் என்பது யாது?

தொழிலில் இட்ட பணமும் உழைப்பும் காலமும் திரும்பி வாராமற் போகக்கூடிய நிலையை இடர் என்பர். இடர் இல்லாத தொழில் இல்லை. ஆயினும், ஒரே இழப்பு எல்லார்க்கும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. சேமிப்பு உள்ளவருக்குச் சில ஆயிரம் ரூபாய் இழப்பு ஒரு பாடமாக முடியலாம். அன்றாட வருவாயில் குடும்பம் நடத்தும் தாய்க்கு அதுவே வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஆகும்.

அனுபவம் மிக்க தொழில்முனைவோரின் சிந்தனை முறையை ஆராய்ந்த சாரஸ் சரஸ்வதி, 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்தார். அத்தகையோர் 'எவ்வளவு ஈட்டலாம்?' என்று தொடங்காமல், 'எவ்வளவு இழந்தால் தாங்க இயலும்?' என்று எண்ணித் தொடங்குகின்றனர் என்பதே அக்கருத்து. இழப்பையும் ஆக்கத்தையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்குமாறு திருக்குறளின் 'தெரிந்து செயல்வகை' அதிகாரமும் அறிவுறுத்துகிறது.

பணியைக் கைவிடாத தாய்

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் வாழ்ந்தவர் பெட்டி நெஸ்மித் கிரகாம். பதினெட்டாம் வயதில் தாயானவர். மணமுறிவுக்குப்பின் மகனைத் தனியே வளர்த்தவர். ஒரு வங்கியில் செயலராகப் பணியாற்றிய அவருக்கு, மின் தட்டச்சுப் பொறியில் நேரும் பிழைகளைத் திருத்துவது பெரும்பாடாக இருந்தது. ஓவியர்கள் பிழையை அழிப்பதில்லை, அதன்மீது வண்ணம் பூசி மறைக்கின்றனர் என்பதை அவர் கவனித்தார். வெண்ணிற வண்ணக் கலவையைச் சிறு குப்பியில் நிரப்பி, தூரிகையால் பிழைகளின்மீது பூசலானார்.

உடன் பணியாற்றியோரும் அதனை விரும்பிக் கேட்கவே, 1956இல் விற்பனையைத் தொடங்கினார். அவர் தம் பணியை உடனே விட்டுவிடவில்லை. பகலில் அலுவலகம், இரவில் சமையலறையில் கலவை தயாரித்தல் என இரு வேலைகளையும் சுமந்தார். மகனும் அவன் நண்பர்களும் குப்பிகளை நிரப்பினர். தொழில் தோற்றாலும் மாத ஊதியம் வீட்டைக் காக்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் வலிமை. 1958இல் வங்கிப் பணியை இழந்தபோது, சாய்ந்துகொள்ளத் தொழில் ஒன்று அவரிடம் இருந்தது. 'லிக்விட் பேப்பர்' எனப் பெயர்பெற்ற அந்நிறுவனம் 1979இல் நான்கு கோடியே எழுபத்தைந்து இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

வங்கியின் கண்ணில் தாய்

இடரைத் தொழில்முனைவோர் மட்டும் அளப்பதில்லை. கடன் தருவோரும் அளக்கின்றனர். இங்கிலாந்தின் அனிதா ரோடிக் 1976இல் கடை தொடங்க எண்ணியபோது, இரு சிறு மகள்களையும் அழைத்துக்கொண்டு எளிய உடையில் வங்கிக்குச் சென்றார். கடன் மறுக்கப்பட்டது. பின்னர்க் கணவருடன், அலுவலக உடையில், முறையாக எழுதிய திட்டத்தோடு சென்றபோது 4000 பவுண்டு கிடைத்தது. அவர் தொடங்க எண்ணிய தொழில் மாறவில்லை. வங்கியின் முன் அவர் தோன்றிய கோலமே மாறியிருந்தது. தாய்மார் சந்திக்கும் இடரில் ஒரு பங்கு சந்தையிலிருந்து வருவதன்று, பிறர் பார்வையிலிருந்து வருவது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பிரைட்டன் நகரில் திறந்த கடையில், குப்பிகள் வாங்கப் போதிய பணமின்மையால், வாடிக்கையாளர் பழைய குப்பியைக் கொண்டுவந்து மீண்டும் நிரப்பிக்கொள்ளும் முறையை அவர் கொண்டுவந்தார். சிக்கனத்தால் பிறந்த அம்முறை, 'தி பாடி ஷாப்' நிறுவனத்தின் அடையாளமாகவே மாறியது.

பகிர்ந்துகொண்ட இடர்

தனி ஒருவர் தாங்க இயலாத சுமையைப் பலர் தாங்கலாம். 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காவ் பகுதியில், இல்லத்தரசிகள் எழுவர் 80 ரூபாய் கடன் பெற்று, மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். முதல்நாளில் உருவானவை நான்கு கட்டுகள் மட்டுமே. அதுவே 'லிஜ்ஜத் பாப்பட்' கூட்டுறவு அமைப்பாக வளர்ந்தது. அங்கு உழைக்கும் ஒவ்வொரு பெண்ணும் உரிமையாளர். ஆதாயமும் இழப்பும் அனைவருக்கும் பொது. பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச்சென்று அப்பளமாக இட்டுத் தரலாம் என்பதால், குழந்தையை விட்டுப் பிரியாமலே தாய்மாரால் பொருளீட்ட முடிகிறது. நிறுவனர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தெரியுமா?

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன. உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, தமக்குள் கடன் வழங்கிக்கொள்கின்றனர். அடகு வைக்கச் சொத்து இல்லாத பெண்ணுக்குக் குழுவின் நம்பிக்கையே பிணையாகிறது.

அச்சத்தின் பயன்

அளந்து அடிவைத்தோர் அனைவரும் வென்றுவிடவில்லை. சிறிதாகத் தொடங்குவதற்கும் ஒரு விலை உண்டு. வளர்ச்சி மெதுவாகவே வரும். உறக்கமும் ஓய்வும் குறையும். எனவே, இடரைக் குறைக்கும் கடமையைத் தாயின் தோளில் மட்டும் ஏற்றுவது முறையன்று. எளிய கடன், குழந்தைகள் காப்பகம், வீட்டுவேலையில் குடும்பத்தாரின் பங்கு ஆகியவை கிடைக்குமிடத்தில் அவர் துணிந்து எடுத்துவைக்கும் அடியும் நீளும்.

பணியைக் கைவிடாமை, கையிருப்புக்கு ஏற்பத் தொடங்குதல், சுமையைப் பகிர்தல் என வழிகள் வேறுபட்டாலும், அவற்றின் அடிப்படை ஒன்றே. இத்தாய்மார் அச்சத்தை மறைக்கவில்லை. அதனையே அளவுகோலாகக் கொண்டனர். தவறினாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அவர்கள் அடுத்த அடியை எடுத்துவைத்தனர். துணிவு என்பதற்கு இதுவும் ஒரு பெயரே.