ஒரு ரூபாய்க் காசளவு

காபி விளைகிற மலையில் உட்கார்ந்து டீ குடிப்பது எனக்கு இன்னமும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தோட்டத்துக் கொட்டையெல்லாம் லாரி ஏறிக் கீழே போய்விடும். வெள்ளக்கடை டீக்கடையில் கொதிப்பது என்னவோ டீத்தூள்தான். அன்று காலை போனபோது பெஞ்சில் தோட்டத்து மேஸ்திரி எனக்காகக் காத்திருந்தார். மடியில் பெரிய ஸ்கேன் கவர்.

பத்து நாளைக்கு முன் அவர் மகள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது வலது கை தானாக உதறியிருக்கிறது. பிறகு வாய் கோணி, நினைவு தப்பி விழுந்துவிட்டாள். கூடியிருந்தவர்கள் அவள் கையில் சாவியைத் திணித்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போய் ஸ்கேன் எடுத்தாயிற்று. டாக்டர் வலிப்பு மாத்திரை கொடுத்து, இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம் என்று அனுப்பிவிட்டார். மேஸ்திரிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"மூளையில கட்டின்னு எழுதியிருக்குங்க சார். கட்டின்னா அறுத்து எடுக்க வேணாமா? ரெண்டு மாசம் கழிச்சு வான்னா என்னங்க அர்த்தம்?"

நான் டாக்டர் இல்லை. ஸ்கேன் அறையில் முப்பது வருஷம் படம் எடுத்துத் தள்ளியவன். படம் எடுத்தவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஃபிலிமை உருவி வானத்துக்கு நேராகப் பிடித்தேன். மலையில் மூடுபனி இறங்கியிருக்கும் நேரம் படம் பார்க்க நல்ல நேரம். வெளிச்சம் எங்கும் ஒரே சீராக இருக்கும்.

ஒரே ஃபிலிமில் இருபது கட்டங்கள். ஒவ்வொன்றும் தலையைக் குறுக்கே அரிந்த மாதிரி ஒரு வட்டம். உச்சந்தலைக்குப் பக்கத்துக் கட்டமொன்றில், படத்தின் வலது ஓரமாக, ஒரு சின்ன வெள்ளை வளையம். "வலது பக்கமா இருக்கு?" என்றார். இல்லை, இடது பக்கம். காலடியில் நின்று தலையைப் பார்க்கிற கணக்கில் படத்தை அச்சடிப்பார்கள், அதனால் இடம் வலமாகத் தெரியும். இடது மூளைதான் வலது கையை ஆட்டுகிறது. பெண்ணின் கை உதறியதும் வளையம் இருக்கும் இடமும் சரியாகப் பொருந்துகின்றன.

வளையம் ஏன் வெள்ளை? ஸ்கேனுக்கு நடுவில் கையில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். நல்ல மூளையில் ரத்தக்குழாய் அதைக் கசிய விடாது. எங்கே புண்பட்டு வீங்கியிருக்கிறதோ அங்கே கசிந்து, படத்தில் வெள்ளையாகத் துலங்கும். சுற்றிலும் கருத்துப் பரவியிருப்பது நீர்க்கோப்பு. மழைக்காலத்தில் சுவரில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றி ஓதம் ஏறுமே, அந்த மாதிரி.

"அப்ப வளையம்னா என்ன வியாதிங்க?"

சிக்கலே அங்கேதான். காசநோய்க் கட்டியும் இப்படித்தான் வளையமாகத் தெரியும். சீழ்க்கட்டியும் அப்படித்தான், சில புற்றுக்கட்டிகளும் அப்படித்தான். 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் கருவி முதல் முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அதன்பின் வந்த வெளிநாட்டுப் பாடநூல்களில் வளையம் என்றதும் புற்றும் சீழும் முன்னால் வந்து நிற்கும். எண்பதுகளில் சிடி இந்தியாவுக்குப் பரவியபோது, வலிப்பு வந்த ஆட்களிடம் இந்தக் குட்டி வளையத்தை நம் டாக்டர்கள் அடிக்கடி பார்த்தார்கள். நம் ஊரில் டிபி அதிகம், ஆகவே இது டிபிதான் என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். வளையம் மறைந்தது. மாத்திரைக்குப் பேர் கிடைத்தது. பிறகுதான் ஒரு சங்கடம்: வலிப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் வளையம் மறைந்துகொண்டிருந்தது!

இதை அவிழ்த்தது நமக்குப் பக்கத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் சிடி காட்டிய வழியிலேயே போய், சில நோயாளிகளின் வளையத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது டிபி அல்ல. பன்றி நாடாப்புழுவின் குஞ்சு, செத்துக்கொண்டிருக்கும் நிலையில். 1989இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 1993இல் இன்னொரு படி: இனி யார் தலையையும் திறக்காமல், படத்தையும் ஆளையும் பார்த்தே டிபியையும் புழுவையும் பிரிக்க ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். எனக்கு அந்த அளவுகோல் மேல் ஒரு பெருமை உண்டு. விலையுயர்ந்த கருவி எதையும் அது கேட்பதில்லை.

வளையம் ஒன்றே ஒன்றுதானா? 20 மில்லிமீட்டருக்குள் அடங்குகிறதா? ஓரம் ஒழுங்காக இருக்கிறதா? வீக்கம் மூளையின் நடுக்கோட்டை மறுபக்கம் தள்ளாமல் இருக்கிறதா? இவ்வளவும் படத்தில். ஆளிடம் பார்ப்பது: வலிப்புதானே வந்தது, ஓயாத தலைவலி, வாந்தி, நாளுக்கு நாள் கைகால் வலுக்குறைவது இல்லையே? உடம்பில் வேறெங்கும் டிபி, புற்றுநோய் இல்லையே? எல்லாம் சரியாக இருந்தால் புழுக்கட்டி என்று நம்பலாம். அவர்கள் ஒப்பிட்ட டிபி கட்டிகள் எல்லாம் 20 மில்லிமீட்டரைத் தாண்டியவை, பெரும்பாலும் கரடுமுரடான ஓரம், நடுக்கோட்டைத் தள்ளியவை.

மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து புது ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். அது சரியாக 20 மில்லிமீட்டர்தான். எடுத்த வேகத்தில் ஃபிலிம் மேல் வைக்கப் போனார், தடுத்தேன். படம் சுருக்கி அச்சானது. ஓரத்தில் ஏணிப்படி மாதிரி சின்னக் கோடுகள் இருக்கின்றன பாருங்கள், அதுதான் சென்டிமீட்டர். ஒரு தீக்குச்சியை வைத்து அளந்தோம். வளையம் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை. நன்றாகப் பழுத்த காபிப் பழத்தைவிடச் சின்னது.

இந்த அளவுகோலும் கடவுள் வாக்கு கிடையாது. சின்ன டிபி கட்டியும் உண்டு. சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐ எடுப்பார்கள். வளையத்துக்குள் புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரிந்துவிட்டால் வழக்கு முடிந்தது. ஆனால் நான் பார்த்தவரை, ஆயிரம் வாதத்தைவிட நிச்சயமான சாட்சி இரண்டாவது படம்தான். புழு உயிரோடு இருக்கும்வரை உடம்பு அதைக் கண்டுகொள்வதில்லை, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். சாகும்போதுதான் உடம்பு சண்டைக்குப் போகிறது, வீக்கம் வருகிறது, வலிப்பு வருகிறது. பிறகு வளையம் சுருங்கும். மறைந்தே போகும், அல்லது சுண்ணாம்புப் பொட்டாக நின்றுவிடும். டிபியோ புற்றோ என்றால் மருந்தில்லாமல் இப்படிச் சுருங்காது. டாக்டர் கேட்ட இரண்டு மாதம் அதற்குத்தான். இடையில் தலைவலி, வாந்தி, கை சோர்வு வந்தால் அந்தத் தேதிக்குக் காத்திராமல் உடனே இறங்கிவிட வேண்டும். வளையம் மறைந்தாலும் வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

"நாங்க பன்னிக்கறி தொடறதே இல்லைங்களே" என்றார் மேஸ்திரி, கொஞ்சம் கோபமாகவே.

தொட வேண்டியதில்லை. வேகாத பன்றிக்கறி தின்றவனுக்கு வருவது குடலில் நாடாப்புழு. அவன் வெளிக்குப் போகும்போது முட்டைகள் வெளியேறும். கை கழுவாமல் அவன் பரிமாறிய சோறு, அசுத்தம் கலந்த தண்ணீர், கழுவாத பச்சைக்காய் வழியாக முட்டை யார் வயிற்றுக்கும் போகும், ஐயர் வீட்டுப் பிள்ளைக்கும். அங்கே முட்டை பொரிந்து, குஞ்சு ரத்தத்தில் ஏறி மூளைக்கு. நம் ஊரில் பழியெல்லாம் முட்டைக்கோஸ் மேல்! பாவம் அது, கழுவி வேகவைத்தால் ஒன்றும் செய்யாது. வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வீடு வீடாக விசாரித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்புள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழுதான் என்று தெரிந்தது. வீட்டில் எல்லாரும் மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் என்றேன்.

டீக்கடை அக்கா இரண்டாவது டீயை நீட்டினார். மேஸ்திரி ஃபிலிமைத் துடைத்துக் கவருக்குள் செருகினார்.

"இரும்பு கொடுத்தா நிக்கும்னாங்களே, அது?"

"அது தானாவே நிக்கிற நேரம்ங்க. இன்னொரு தடவ வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா வண்டி புடிங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது என் பைக் சாவிங்க சார். தலமாட்டுலயே வெச்சுக்கிட்டுத் தூங்குறா. கேக்க மனசு வரல. பத்து நாளா தோட்டத்துக்கு நடந்துதான் போறேன்."

"இன்னைக்கும் கேக்காதீங்க" என்றேன்.