மோட்டார் வண்டியும் மேற்பூச்சும்



உள்ளிருக்கும் குறையை நீக்காமல் வெளித்தோற்றத்தை மட்டும் அழகுபடுத்துவதை நாம் மேற்பூச்சு என்கிறோம். பேச்சிலும் ஒழுக்கத்திலும் மேற்பூச்சு விரும்பத்தக்கதன்று. ஆனால் மோட்டார் வண்டிக்கோ மேற்பூச்சு இன்றியமையாதது. மெல்லிய இரும்புத் தகடு மழையையும் காற்றையும் எதிர்த்து நிற்பது அந்தப் பூச்சின் காவலால்தான். அது எப்போது காவலாகின்றது, எப்போது வெறும் ஏமாற்றாகின்றது என்பதை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஸ்கந்தபுரத்துப் பாடசாலை அதிபர் ஒருவர் பட்டறை வேலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நான் கற்றது கலைத்துறை. சுத்தியல் பிடித்துப் பழகியவனல்லன். ஆயினும் எங்கள் வன்னிப் பெருநிலப்பரப்பில் வண்டி என்பது ஆடம்பரப் பொருளன்று. நெல்லை ஆலைக்கும், நோயாளியை மருத்துவமனைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டுசேர்ப்பது அதுவே. பல குடும்பங்களுக்குக் காணிக்கும் வீட்டுக்கும் அடுத்த பெருமுதல் அதுதான். அந்த முதல் துருவாகிக் கரைந்துபோகாமல் காப்பது எப்படி என்பது வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

பழைய வண்டிகளைப் பேணி ஓட்டும் கலை வடபகுதி மக்களுக்குப் புதியதன்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய ஆங்கிலக் கார்கள் அவை பிறந்த நாட்டில் காட்சிப் பொருள்களாகிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் யாழ்ப்பாணத் தெருக்களில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டிக் காட்டினர் எம்மவர். அண்மைக் காலத்திலும் 2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் உள்ள வண்டியைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

இனி, வண்டியின் முதற்பகையாகிய துருவைப் பார்ப்போம். பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் செய்யும் எளிய பரிசோதனை ஒன்றுண்டு. மூன்று சோதனைக் குழாய்களில் இரும்பாணிகளை இடுவார்கள். முதலாவதில் சாதாரண நீர். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய நீரும் அதன்மேல் ஓர் எண்ணெய்ப் படையும். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கல்சியங்குளோரைட்டும் உலர்ந்த காற்றும். சில நாள்களின் பின் முதற்குழாயில் உள்ள ஆணியே துருப்பிடித்திருக்கும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் ஒருங்கே வேண்டும் என்பது இதனால் பெறப்படும். உப்புச் சேர்ந்தால் அவ்வேலை மேலும் விரைவுபெறும். முல்லைத்தீவு, பூநகரி போன்ற கடலோர ஊர்களில் வண்டிகள் விரைந்து அரிக்கப்படுவது இதனாலேயே.

துருவுக்கு இன்னுமொரு தீக்குணம் உண்டு. தான் தின்ற இரும்பைவிட அது பன்மடங்கு இடத்தை அடைக்கும். எனவே தீந்தையின் கீழே தோன்றும் துரு அதனை மேலே தள்ளிக் கொப்புளமாக்குகின்றது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும் வேளையில், உள்ளே அதனினும் பெரிய பரப்புப் பழுதாகியிருக்கும். அக்கொப்புளத்தைச் சுரண்டி அதன்மேல் தீந்தை பூசுவது, ஆறாத புண்ணின்மேல் சந்தனம் தடவுவதை ஒக்கும்.

ஆகவே முதல் வேலை பூசுவதன்று; ஆராய்வது. சக்கரங்களின் மேல்வளைவு, கதவின் அடிப்புறம், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டம், கால்மிதியின் கீழுள்ள தளம் ஆகியனவே சேறும் ஈரமும் தங்கும் இடங்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியிற் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். இரும்பு உள்ள இடத்தில் அது இழுக்கும்; முன்னொருவர் தடிப்பாகப் பட்டி வைத்து மறைத்த இடத்தில் அதன் இழுப்புத் தளரும். பழைய வண்டியை விலைபேசும்போதும் இச்சோதனை பயன்தரும்.

இவ்விடத்தில் ஒரு முக்கிய வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். லொறிக்குப் பாரந்தாங்கும் சட்டகம் தனியே உண்டு. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனரிலும், இக்காலத்துக் கார்கள் மிகப் பெரும்பாலானவற்றிலும் அவ்வாறு தனிச் சட்டகம் இல்லை. உடலே சட்டகமாய் நின்று பாரத்தைத் தாங்குகின்றது. ஆகவே அடிச்சட்டமும் தளமும் துருவால் ஓட்டையாகியிருந்தால் அது அழகுக்குறை அன்று, உயிராபத்து. ஆசனங்களும் ஆசனப்பட்டிகளும் பொருத்தப்பட்ட இடங்களும் அத்தகையனவே. இவ்விடங்களைப் பட்டியால் நிரப்பி மூடுதல் ஒருபோதும் தகாது. பழுதான தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே தடிப்புள்ள புதிய தகட்டை ஒட்டவைத்தல் வேண்டும். ஒட்டுமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவதும், எரிபொருள் தாங்கியை அகற்றுவதும் மறவாமற் செய்ய வேண்டியவை.

நசுங்கிய தகட்டை நிமிர்த்துவது தனிக்கலை. தகட்டின் பின்புறம் ‘டொலி’ எனப்படும் உருக்குக் கட்டியைப் பிடித்து, முன்புறம் சுத்தியலால் மென்மையாகத் தட்டுவர். பழுதறியாதவர் பள்ளத்தின் நடுவிலேயே ஓங்கி அடிப்பர். அதனால் தகடு விரிந்து நீண்டு, பின்னர் எப்படித் தட்டினாலும் பழைய வடிவுக்கு வாராது. அனுபவமுள்ளவர் பள்ளத்தின் ஓரங்களிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக உள்நோக்கி வருவர். நிமிர்த்தும் வேலை எவ்வளவுக்குச் செம்மையோ அவ்வளவுக்குப் பட்டி குறையும். நிரப்பும் பட்டி மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாமல் இருப்பது நன்று. தடிப்பாக வைத்த பட்டி வெயிலிலும் அதிர்விலும் வெடித்து விழும். மேலும் பட்டி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலின் அதை நீர் விட்டுத் தேய்த்தலும், மேற்பூச்சின்றி மழையில் விடுதலும் கூடா.

அடுத்தது தேய்த்தல். தொடங்குமுன் எண்ணெய்ப்பசை முழுவதையும் துடைத்து நீக்குக. இல்லையேல் தீந்தை ஓரிடத்தில் ஒட்டாது விலகிச் சிறு குழிகள் தோன்றும். உப்புத்தாளின் எண் கூடக் கூட அதன் சொரசொரப்புக் குறையும். பட்டியை வடிவுபடுத்த 80ஆம் எண்ணும், அதன் கீறல்களை நீக்க 180ஆம் எண்ணும் பொருந்தும். அதன்மேல் அடிப்பூச்சைத் தெளித்து, அது நன்கு உலர்ந்தபின் 600 அல்லது 800ஆம் எண் தாளை நீரில் நனைத்துத் தேய்க்கலாம். அடிப்பூச்சே தகட்டைப் பற்றிக்கொண்டு நிற்பது. நிறப்பூச்சு அதன்மேல் நிற்பது. அடிப்பூச்சில் மிச்சம் பிடிப்பவர் அத்திவாரத்தில் மிச்சம் பிடித்து வீடு கட்டுபவரை ஒப்பர்.

தீந்தை வேலையின் வரலாறும் சுவையானது. தொடக்க காலத்தில் கார்களுக்குத் தூரிகையால் பல படைகள் பூசி உலர்த்தப் பல வாரங்கள் சென்றன. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் 1914 முதல் 1925 வரை தமது ‘மொடல் ரீ’ கார்களைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார். 1923ஆம் ஆண்டில் டூப்பொன்ட் நிறுவனத்தின் ‘டூக்கோ’ என்னும் விரைவில் உலரும் தீந்தை, ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஓக்லண்ட் கார்களிற் பயன்பட்டது. வாரக்கணக்கான வேலை சில நாள்களில் முடியலாயிற்று, வண்ணங்களும் பெருகின. இந்தியப் பட்டறைகளில் ‘டூக்கோ’ என்னும் பெயர் இன்றும் தீந்தை வேலைக்குப் பொதுப்பெயராய் வழங்குகின்றது.

எந்தத் தீந்தையானாலும் காலமறிந்து பூச வேண்டும். வாடைக்காற்றோடு மழை பொழியும் ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றில் ஈரம் மிகுதி. அக்காலத்தில் விரைவில் உலரும் தீந்தையைத் தெளித்தால், அதன் கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து ஈரம் படிந்து, பளபளப்பு மங்கி வெண்மை படரும். சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை செம்மண் புழுதி ஈரத்தீந்தையில் வந்து ஒட்டும். எனவே திறந்த கொட்டகையில் வேலை செய்வோருக்கு மாசி, பங்குனி மாதங்களின் காலை வேளையே ஏற்றது. தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்குக. காற்றழுத்த இயந்திரத்தின் தாங்கியிலே தேங்கிய நீரை வெளியேற்றுக. தெளிப்பானைத் தகட்டிலிருந்து ஒரு சாண் அளவு தூரத்திற் பிடித்து, கை நிற்காமல் சீராக நகர்த்துக. ஒரு தடித்த பூச்சைக் காட்டிலும், இடைவெளி விட்டுத் தெளித்த இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளே வழியாமலும் வெடிக்காமலும் நிலைக்கும்.

வண்டியின் நலத்தைப் பேசும்போது தொழிலாளியின் நலத்தை மறத்தல் நன்றன்று. பழைய கார்களின் தீந்தையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்து எழும் தூள் நஞ்சாகும். கடினமாக்கியுடன் கலந்து தெளிக்கும் இக்காலத் தீந்தைகளில் ஐசோசயனேற்று என்னும் பொருள் உண்டு. அது நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமா நோயை உண்டாக்கவல்லது; ஒருமுறை அந்நோய் கண்டவருக்குப் பின்னர் மிகச் சிறு அளவும் ஒவ்வாது. முகத்திற் கட்டும் கைலேஞ்சியும் சாதாரணத் துணிக்கவசமும் இதனைத் தடுக்கமாட்டா. அத்தீந்தையைத் தெளிப்பவருக்கு வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி ஊட்டும் கவசமே தக்க காவல். அவ்வசதியில்லாத சிறு பட்டறையில் அத்தகைய தீந்தையைத் தெளிக்காமல் விடுவதே அறிவுடைமை. தின்னர் எளிதில் தீப்பற்றும். அதனருகே பீடி புகைத்தலும் அடுப்பு மூட்டுதலும் ஆகா. வேலை நடக்கும் இடத்திலே சிறுவர் நிற்கலாகாது.

பட்டறைக்கு வண்டியை விடுவோருக்கும் ஒரு கடமை உண்டு. வேலை முடிந்த நாளில் மட்டும் சென்று பளபளப்பைப் பார்த்து மகிழ்தல் போதாது. துரு நீக்கித் தகடு வெறுமையாய் இருக்கும் நாளில் ஒருமுறை, அடிப்பூச்சு முடிந்த நாளில் ஒருமுறை சென்று பாருங்கள். நேர்மையான தொழிலாளி அதை விரும்பி வரவேற்பார். கண்ணுக்குத் தெரியாத தம் உழைப்பைக் காட்ட அவருக்கும் அதுவே வாய்ப்பு. அதற்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, உள்வேலை செம்மையாக இல்லை என்று பின்னர் குறைகூறுவது நியாயமாகாது.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். பரீட்சையிற் பின்தங்கிய பிள்ளையைத் தண்டிக்கும் இடமாகப் பட்டறையைக் கருதாதீர்கள். உலோகத்தின் இயல்பும், இரசாயனத்தின் அடிப்படையும், காலநிலையின் போக்கும் அறிந்தவனுக்கே இத்தொழில் கைவரும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் முறையாகக் கற்பிக்கப்படுகின்றது. கையும் அறிவும் ஒருங்கே பயிலும் கல்வி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

வண்டியை வாரம் ஒருமுறை அடிப்புறமும் சேறு போகக் கழுவுங்கள். கதவின் கீழுள்ள நீர் வடியும் துளைகளை அடைபடாமல் வைத்திருங்கள். கல்பட்டுத் தகடு தெரிந்த இடத்தில் அன்றே சிறிது தீந்தையைத் தொட்டு வையுங்கள். இவற்றுக்குச் செலவாவது ஒரு வாளி நீரும் அரைமணி நேரமுமே. தவறவிட்டால் இழப்பதோ முழுத் தகட்டை.