நம்மிடையே கூடாரம் போட்டவர்

"கிறிஸ்துமஸின் உட்பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும்" என்று நம் ஆசிரியர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் சிவில் இன்ஜினீயரிங் டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளத்தோடும் ஜல்லியோடும் காலந்தள்ளி ஓய்வு பெற்றவன். வேதசாஸ்திரம் கற்றவன் அல்லன். "போதகர் யாரையாவது கேளுங்களேன்" என்றேன். "போதகர் எழுதினால் பிரசங்கமாகிவிடும், நீங்களே எழுதுங்கள்" என்று சிரித்தார். அந்தத் துணிவில் எழுதுகிறேன். பிழையிருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் அலுவலகத்தில் ஒரு நண்பர் இருந்தார். கும்பகோணத்துக்காரர். ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக் கேக்கைச் சுவைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்: "ஏன் சார், உங்க சாமி போயும் போயும் மாட்டுத் தொழுவத்திலயா வந்து பிறக்கணும்?" தாழ்மையைக் காட்டுவதற்காக என்று நானும் ஆண்டுதோறும் ஒரே பதிலைச் சொல்வேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பதில் அது. தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது தில்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் கரையில்தான்.

தில்லி அன்பர்களுக்கு மதராசி கேம்பை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, ஜகாங்கீர் காலத்துப் பழைய பாராபுல்லா பாலத்தை ஒட்டி, 1960களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் குடிசை போட்டு வாழ்ந்த இடம் அது. தெற்கிலிருந்து வந்தவன் எவனாயினும் வடக்கத்தியருக்கு 'மதராசி'தானே! ஊர்ப் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெண்கள் பலர் ஜங்புராவிலும் சுற்றுப்புறங்களிலும் வீட்டு வேலை செய்தார்கள். பிள்ளைகள் நம் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி எஸ்டேட் பள்ளிக்குப் போய் வந்தார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் கோலமும் கறிவேப்பிலை வாசமுமாகத் தில்லி மறந்துபோகும். நாலாவின் வாசமும் கூடவே உண்டு என்பதை மறைப்பானேன்.

நான் பணியிலிருந்த காலத்தில் ஒரு டிசம்பர் இரவு, எங்கள் சபையின் கேரல் ரவுண்ட்ஸ் குழுவோடு அங்கே போனேன். அந்தச் சந்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. அக்கம்பக்கத்து இந்துப் பிள்ளைகள்தான் முன்னால் நின்று எங்களைவிட உரக்கப் பாடினார்கள். நாங்கள் நுழைந்த வீடு பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். (அளவு பார்ப்பது தொழில் புத்தி, போகாது.) மேலே பலகை போட்டு ஒரு பரண், அதற்கு ஓர் இரும்பு ஏணி. வாசல் அவ்வளவு தாழ்வு. கிடார் வைத்திருந்த தம்பி அதைப் படுக்கை வாட்டில் நீட்டித்தான் உள்ளே கொண்டுவந்தான்.

மூத்த மகள் பிரசவமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து உறவுக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். தரை முழுக்கப் பாய். குழந்தை எங்கே என்று தேடினால், மூலையில் துணி துவைக்கிற நீல பிளாஸ்டிக் டப். அதில் பழைய சேலையை மடித்துப் போட்டு, கம்பளிச் சால்வை சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள்.

"என்ன பாட்டி, பிள்ளையை டப்பில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"தரையில போட்டா ராவுல எந்திரிக்கிறவுக யாராச்சும் மிதிச்சுருவாக சார். தூளி கட்டலாம்னா ஏணி இடிக்குது. அதான் இதுல" என்றார் அந்த அம்மாள். அதில் ஒரு வருத்தமும் இல்லை. நல்ல யோசனை செய்த பெருமைதான் இருந்தது.

நாங்கள் அன்றிரவு பாடியது முன்னணையைப் பற்றித்தான். முன்னணை என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி. பாடிக்கொண்டே அந்த நீல டப்பைப் பார்த்தேன். அப்போது முழுதாக ஒன்றும் புரிந்துவிடவில்லை. மனத்தில் ஒரு முள் தைத்தது போல இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, எகிப்து, லெபனான், எருசலேம் என்று நாற்பது ஆண்டுகள் மத்தியக் கிழக்கில் வாழ்ந்து பாடம் நடத்திய கென்னத் பெய்லி என்ற அமெரிக்க அறிஞரின் விளக்கத்தைப் படித்தேன். அவர் சொல்வது இது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், இடமில்லை என்று சொல்லப்படும் இடத்தை நம் தமிழ் வேதாகமம் சத்திரம் என்கிறது. மூலமான கிரேக்கச் சொல் 'கடாலுமா'. அதே லூக்கா, இயேசு கடைசி இராப்போஜனம் உண்ட மாடி அறையைக் குறிப்பிடவும் இந்தச் சொல்லையே எழுதுகிறார். அங்கே அது விருந்தினர் அறை. நல்ல சமாரியன் கதையில் காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் உண்மையான சத்திரம் வருகிறது. அங்கே அவர் வேறு சொல்லைப் பயன்படுத்துகிறார். ஆகவே பெத்லகேமில் நிரம்பியிருந்தது லாட்ஜ் அல்ல, ஒரு வீட்டின் விருந்தினர் அறை என்கிறார் பெய்லி.

அந்நாட்டுக் கிராமத்து ஏழை வீடு பெரும்பாலும் ஒரே கூடம். அதன் ஒரு கோடி சற்றுத் தாழ்ந்திருக்கும். இரவில் ஆடுமாடுகளை அங்கே கட்டுவார்கள். குடும்பம் படுக்கும் மேட்டுத் தரையின் விளிம்பிலேயே தீனித் தொட்டி குடையப்பட்டிருக்கும்.

எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை. இயேசு பிறந்தது ஒரு குகை என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் எழுதியிருக்கிறார். பெத்லகேமின் பிறப்புத் தேவாலயமும் ஒரு குகையின் மேல்தான் நிற்கிறது. அதன் வாசல் 4 அடி உயரந்தான், யாரானாலும் குனிந்தே நுழைய வேண்டுமாம். (எனக்கு உடனே கிடாரை நீட்டிய தம்பிதான் நினைவுக்கு வந்தான்.) ஆனால் பெய்லியின் விளக்கம் தமிழனுக்குச் சட்டென்று பிடிபடும். யோசேப்பு போனது தன் முன்னோர் ஊருக்கு. நிறைமாதக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகிறவனை எந்தச் சித்தப்பா தெருவில் விடுவார்? "இடம் இல்லைதான், அதனால் என்ன, உள்ளே வா" என்றுதான் சொல்லியிருப்பார். வந்தவர் கூட்டத்தில் பச்சைக் குழந்தையை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று பாட்டி ஒருத்தி தீனித் தொட்டியில் வைக்கோலைப் போட்டுக் கிடத்தியிருப்பாள். இந்தக் கடைசி வரி பெய்லி சொன்னதல்ல. மதராசி கேம்ப் பாட்டி சொன்னது.

கும்பகோணத்து நண்பருக்கு இப்போது என் பதில் இதுதான். கடவுள் ஊருக்கு வெளியே ஒரு தொழுவத்துக்கு ஒதுக்கப்பட்டார் என்று நாம் பரிதாபப்படுவதில் கிறிஸ்துமஸ் இல்லை. இடமே இல்லாதவர்கள் கொஞ்சம் நகர்ந்து படுத்து இடம் கொடுத்த வீட்டுக்குள் அவர் வந்தார். விருந்தாளியாக மேல் அறையில் அல்ல, வீட்டாரோடு வீட்டாராகத் தரையில். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் முன்னணையும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. அவர் கிறிஸ்துமஸை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். அதில் 'வாசம்பண்ணினார்' என்று தமிழில் வரும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் நேர்ப்பொருள் 'கூடாரம் போட்டார்' என்பது. பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலர் பாலைவனத்தில் அலைந்தபோது கடவுளுக்கும் ஒரு கூடாரந்தான். மக்கள் பெயர்ந்தால் அதையும் சுருட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். கேம்ப் என்ற சொல்லுக்கு இதைவிட வேறு என்ன பொருள்!

டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் இல்லை. ரோமாபுரியில் 336ஆம் ஆண்டு அன்று கொண்டாடியதற்குச் சான்று உண்டு. நாம் ஜோடிக்கும் குடில் அசிசி பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ ஊரில் ஆரம்பித்த வழக்கம். கழுதை, ஒட்டகம், ராஜாக்கள் மூவர் என்ற கணக்கு எல்லாம் பின்னால் சேர்ந்தவை. இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் வேதத்தில் உள்ள ஒன்றை நாம் குடிலில் வைப்பதே இல்லை. அது பதிவேடு. லூக்கா கதையைத் தொடங்குவதே அகஸ்து ராயனின் குடிமதிப்புக் கட்டளையோடுதான். அது எந்த ஆண்டு என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் வழக்கு உண்டு. அது இங்கே வேண்டாம். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்கு மேல். எங்கோ ஒரு பட்டியலில் பெயர் எழுதவேண்டும் என்பதற்காக ஒரு தச்சன் அத்தனை தூரம் நடந்தான்.

மதராசி கேம்புக்கும் பட்டியல் வந்தது. பாராபுல்லா நாலாவின் அடைப்பை நீக்குவதற்காக அந்தக் குடியிருப்பை அகற்றும்படி 2025 மே 9ஆம் தேதி தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை காலை புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்கள் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்பது உத்தரவின்போது இருந்த கணக்கு. ஏறக்குறைய பாதி. 2015ஆம் ஆண்டுக்கு முன்பே குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும் என்பவை விதிகள். ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு தில்லியில் உழைக்கிறவன் இதில் என்ன ஆவான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஜங்புராவிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வரவேண்டிய பெண்ணுக்கு அது வேறு ஊர்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நீருக்கு வழி விடவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2024 ஜூன் 28 அன்று சப்தர்ஜங்கில் ஒரே நாளில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானதும், தலைநகர் மிதந்ததும் நாம் பார்த்ததுதான். கண்வாய் அடைத்தால் வெள்ளம் மேட்டுக்கு ஏறும். அது ஏழை, பணக்காரன் பார்க்காது. பாலம் கட்டுகிறவன் முதலில் கற்கும் பாடம் அது. அதனால் வெறுமனே ஆவேசப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

அதோடு இன்னொரு காரணமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்தப் பகுதி என்று சொல்லத் தேவையில்லை, பாதையை இரட்டிப்பாக்கும் வேலைக்காகக் குடிசைச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டவன் நான். ஒரு பெண் டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, "எத்தனை அடி தள்ளிப் போட்டால் இடிக்க மாட்டீர்கள்?" என்று கேட்டாள். வரைபடத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னேன். அவள் அப்படியே தள்ளிப் போட்டாள். மறு ஆண்டு வரைபடம் மாறிற்று. அப்போது நான் வேறு பிரிவுக்கு மாற்றலாகியிருந்தேன். அந்த எண்ணை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜூன் முதல் தேதி தொலைக்காட்சியில் அந்தச் சந்து மண்மேடாவதைப் பார்த்தபோது, எனக்கு நீல டப் மட்டுமல்ல, சிவப்புப் பெயிண்டும் நினைவுக்கு வந்தது. நாம் எல்லாரும் குடிலில் மேய்ப்பனாகவே நம்மை நிறுத்திக்கொள்கிறோம். பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த ராயனின் கணக்கனும் யாரோ ஒருவன்தானே.

யோசேப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. வீரமாமுனிவர் தமிழில் காப்பியம் செய்ய உட்கார்ந்தபோது தேம்பாவணியின் நாயகனாகத் தேர்ந்தெடுத்தது இந்தத் தச்சனைத்தான்; வளன் என்று பெயரிட்டு 3615 பாடல்கள் பாடினார். வேதத்திலோ யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவர் தொழிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் கட்டடம் கட்டுகிறவனையும் குறிக்கும் என்கிறார்கள். நம் துறைக்காரர்! ஏரோதுக்குப் பயந்து இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் எகிப்துக்குக் கூட்டிப் போகிறார், பிறகு திரும்புகிறார், யூதேயாவில் இருக்கப் பயந்து கலிலேயாவுக்குப் போகிறார். கடவுளின் குழந்தைப் பருவம் முழுக்க ஒரு தொழிலாளி வீடு தேடிய கதைதான்.

2025 டிசம்பரில் எங்கள் கேரல் வண்டியை நரேலாவரை கொண்டுபோனோம். பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்தே போயிற்று. அந்தப் பாட்டியின் குடும்பம் அங்கே இல்லை. பட்டியலில் பெயர் வரவில்லையாம். ஜங்புரா பக்கமே எங்கோ மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருப்பதாகச் சொல்லி, ஒருவர் போன் நம்பர் கொடுத்தார். பாட்டி காலமாகிவிட்டார். எடுத்தது மகள், அந்த டப்புக் குழந்தையின் தாய். மறுநாள் இரவு வரலாமா, நாங்கள் எட்டுப் பேர், கூட ஒரு கிடார், அறையில் இடம் இருக்குமா என்று கேட்டேன்.

"வாங்க சார். பிள்ளைகளக் கட்டில் மேல ஏத்தி உக்கார வச்சாப் போச்சு" என்றார். "படி மட்டும் ஒடுக்கம், பாத்து ஏறி வாங்க."